தோட்டா சின்னதாப் போச்சு!

"அப்பா, இந்த ரெண்டுல எதை எடுக்கலாம்? நீங்களே சொல்லுங்க."

என் மகன் இரண்டு கையிலும் இரண்டு அட்டைப்பெட்டிகளை வைத்துக்கொண்டு நின்றான். இடம், அமெரிக்காவின் டெக்ஸாஸ் மாநிலத்தில் ஆஸ்டின் நகரத்துக்கு வெளியே இருந்த ஒரு துப்பாக்கிக் கடை. நம்மூர் உரக்கடையில் யூரியாவையும் பொட்டாஷையும் அடுக்கியிருப்பதுபோல, சுவர் முழுக்கத் தோட்டாப் பெட்டிகளை அடுக்கி வைத்திருந்தார்கள். பெட்டிக்கு 20 தோட்டா. இடது கையில் இருந்த பெட்டியில் '.308 வின்செஸ்டர்' என்று போட்டிருந்தது. வலது கையில் இருந்தது '.300 வின்செஸ்டர் மேக்னம்'.

நான் பட்டுக்கோட்டைக்காரன். அப்போது எனக்கு வயது 63. தென்னையில் காண்டாமிருக வண்டு விழுந்தால் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டால் தூக்கத்தில்கூடச் சொல்வேன். மான் சுட எந்தத் தோட்டா நல்லது என்று என்னிடம் கேட்டால் என்ன சொல்வது?

ஆனால், சொல்வதற்கு என்னிடம் ஒன்று இருந்தது. 1966-ல் என் அப்பா செய்த ஒரு தப்பும், அதைப் பற்றி அவர் கடைசியில் சொன்ன நாலு வார்த்தையும்.

கஜா அனுப்பிய பயணம்

2018 நவம்பர் 16-ம் தேதி அதிகாலையில் கஜா புயல் கரையைக் கடந்தது. அந்த ஒரே ராத்திரியில் பட்டுக்கோட்டை, பேராவூரணி பக்கம் எத்தனை தோப்புகள் மொட்டையாகின என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். எங்கள் தோப்பில் இருந்த 140 மரத்தில் நின்றது 12. விடிந்ததும் போய்ப் பார்த்துவிட்டு வரப்பில் உட்கார்ந்தவன், மத்தியானம்வரை எழுந்திருக்கவில்லை.

"இனிமே அங்க உக்காந்து என்ன பண்ணப் போறீங்க? ரெண்டு பேரும் கொஞ்ச நாள் இங்க வந்து இருங்க" என்று மகன் டிக்கெட் போட்டு அனுப்பினான். 2019-ல் நானும் என் மனைவியும் ஆஸ்டின் போனோம்.

போன பிறகுதான் அவன் மான் வேட்டைக்குத் தயாராகிக்கொண்டிருப்பது தெரிந்தது. அலுவலகத்தில் கூட வேலை செய்பவரின் மாமனாருக்கு மேற்கே மலைச்சரிவில் பெரிய பண்ணை. அங்கே மான் தொல்லையாம். மகன் அந்த நாட்டுக் குடிமகன் ஆகிவிட்டான். வேட்டைக்கான பாதுகாப்பு வகுப்பை முடித்து, லைசென்ஸும் எடுத்து வைத்திருந்தான்.

"என்ன மான்டா?" என்று கேட்டேன்.

"ஆக்சிஸ்னு சொல்வாங்கப்பா. நம்ம புள்ளிமான்தான்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நம்ம புள்ளிமான் அங்கே எப்படி? 1932-ல் இந்தியாவின் புள்ளிமானையும் வெளிமானையும் டெக்ஸாஸ் பண்ணைகளில் கொண்டுபோய் விட்டிருக்கிறார்கள். பார்க்க அழகு, வேட்டைக்கும் ஆகும் என்று கொண்டுவந்தவை வேலி தாண்டிப் பெருகிவிட்டன. இப்போது அந்த மண்ணுக்கே உரிய வெள்ளைவால் மானுக்குப் போக வேண்டிய மேய்ச்சலை இவை தின்றுவிடுகின்றன. அதனால், வெள்ளைவால் மானைச் சுட அங்கே பருவம் உண்டு, கணக்கு உண்டு. நம்ம மானுக்கு இரண்டும் கிடையாது. நிலத்துக்காரர் சம்மதமும் லைசென்ஸும் இருந்தால், வருஷத்தில் எந்த நாளும் சுடலாம்.

இதில் இன்னொரு வேடிக்கை. பாகிஸ்தானில் வெளிமான் அடியோடு அழிந்துபோனபோது, டெக்ஸாஸில் பெருகிய கூட்டத்திலிருந்துதான் சிலவற்றைத் திரும்பக் கொண்டுபோய் லால் சுகன்ரா பூங்காவில் விட்டார்கள்.

இதையெல்லாம் மகன் சொல்லச் சொல்ல, என் மனைவி அடுப்பங்கரையிலிருந்தே குரல் கொடுத்தாள். "கோடியக்கரையில மானைச் சுட்டா கம்பி எண்ணணும். அதே மானை இங்க சுட்டா கறிக்குழம்பா? நல்லா இருக்கே ஒங்க நாயம்!"

அவள் சொன்னது சரிதான். 1972-ல் வந்த வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் வெளிமான் முதல் அட்டவணையில் இருக்கிறது. சுட்டால் 3 ஆண்டு முதல் 7 ஆண்டுவரை சிறை. அந்தச் சட்டம் வருவதற்கு ஆறு வருஷத்துக்கு முன்னால் நடந்த கதையைத்தான் உங்களுக்குச் சொல்ல வந்தேன்.

கோடியக்கரையில் ஒரு மாலை

எங்கள் வீட்டில் ஒரு இரட்டைக் குழல் துப்பாக்கி இருந்தது. 12 போர் என்பார்கள். பயிர்ப் பாதுகாப்புக்கு என்று தாத்தா காலத்தில் லைசென்ஸ் வாங்கியது. தேர்தல் அறிவித்தால் போலீஸ் ஸ்டேஷனில் கொண்டுபோய் ஒப்படைக்க வேண்டும். ஓட்டு எண்ணி முடிந்ததும் திரும்பி வரும். மற்ற நாளெல்லாம் அப்பாவின் பீரோவில், வேட்டிகளுக்குப் பின்னால் நிற்கும்.

1966 தை மாதம் என்று நினைவு. எனக்குப் பத்து வயது. அப்பாவின் சிநேகிதர் ஒருவர் ஜீப் வாங்கியிருந்தார். அப்பா, அவர், இன்னும் இரண்டு பேர், எங்கள் பண்ணையில் வேலை பார்த்த பெரியவர் ஒருவர், அடம்பிடித்து ஏறிக்கொண்ட நான். முத்துப்பேட்டை, திருத்துறைப்பூண்டி, வேதாரண்யம் என்று போய்க் கோடியக்கரையில் இறங்கியபோது வெயில் சாய்ந்துவிட்டது.

கோடியக்கரையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒரு பக்கம் முள்காடு. ஒரு பக்கம் உப்பளமும் சேறும். நடுவில் புல்வெளி. அந்தப் புல்வெளியில்தான் வெளிமான்கள் மேய்ந்துகொண்டிருந்தன. பெட்டைகள் வெளுத்த பழுப்பு நிறம். கிடா மட்டும் கறுகறுவென்று, முறுக்கிவிட்ட கொம்போடு தனியாக நின்றது. அப்படி ஒரு அழகை அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை.

மறைவு எதுவும் இல்லாத வெட்டவெளி. பெரியவர் அப்பாவின் காதருகே ஏதோ சொன்னார். அப்பா தலையை ஆட்டி மறுத்தார். ஜீப்பில் இருந்தவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்பா துப்பாக்கியைத் தோளில் வைத்தார்.

துப்பாக்கியில் போட்டிருந்தது எல்.ஜி. தோட்டா. அதற்குள் ஒரே குண்டு இருக்காது. விரல்விட்டு எண்ணிவிடக்கூடிய சில பெரிய ஈய உருண்டைகள் இருக்கும். வெடித்து வெளியே வந்ததும் அவை விரிந்துகொண்டே போகும். நாற்பது கெஜத்துக்குள் என்றால் நாலைந்து உருண்டை சேர்ந்து விழும். அதைத் தாண்டினால் ஒன்று படலாம், படாமலும் போகலாம். அன்றைக்குக் கிடா நின்ற தூரம் அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் இருக்கும்.

வெடிச்சத்தம் கேட்டது. கிடா விழுந்தது. நான் கைதட்டினேன். தட்டிய கை நிற்பதற்குள் அது எழுந்துவிட்டது. பின்னங்கால் ஒன்று தொங்கியது. மூன்று காலில் ஓடிச் சேற்றுப் பக்கம் மறைந்தது.

பெரியவர் ரத்தச் சொட்டைப் பார்த்துக்கொண்டே முன்னால் நடந்தார். நாங்கள் பின்னால் போனோம். முழங்கால் அளவு சேறு. இருட்டிவிட்டது. கிடைக்கவில்லை. "ஒனக்குத் தடம் பாக்கத் தெரியலய்யா" என்று அப்பா அவரை எல்லோர் முன்னாலும் திட்டினார். அவர் பதில் சொல்லவில்லை. ராத்திரி ஜீப்பிலேயே கிடந்தோம். எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்த மான் எங்கேயோ இருட்டில் மூன்று காலில் நின்றுகொண்டிருக்கிறது என்ற நினைப்பு.

காலையில் கண்டுபிடித்தோம். எங்களுக்கு முன்பே நரிகள் கண்டுபிடித்திருந்தன. அதற்கு மேல் அதைப் பற்றி எழுத வேண்டாம்.

திரும்பி வரும்போது திருத்துறைப்பூண்டிவரை யாரும் பேசவில்லை. பிறகு அப்பா யாரையும் பார்க்காமல் சொன்னார்: "தோட்டா சின்னதாப் போச்சு. மேக்னம் ரைபிள் இருந்திருந்தா, நின்ன எடத்துலயே விழுந்திருக்கும்."

விஷயம் தெரிந்து அப்பத்தா நாடியம்மன் கோயிலுக்குப் போய் விளக்குப் போட்டுவிட்டு வந்தாள். அப்பாவிடம் ஒரு வாரம் பேசவில்லை.

சிவப்புப் பென்சில் கோடு

அடுத்த வருஷமே, 1967-ல், கோடியக்கரையைச் சரணாலயமாக அறிவித்துவிட்டார்கள். அப்பாவின் மனசு மட்டும் அந்தப் புல்வெளியை விட்டு வரவில்லை. சென்னையிலிருந்து ஒரு துப்பாக்கிக் கடையின் விலைப்பட்டியலை வாங்கி வந்தார். ஆங்கிலத்தில் படம் போட்ட புத்தகம். அதில் '.375 மேக்னம்' என்ற வரியின் அடியில் சிவப்புப் பென்சிலால் கோடு போட்டு வைத்திருந்தார். ரைபிளுக்கு லைசென்ஸ் கேட்டு மனுவும் போட்டார். கிடைக்கவில்லை. கிடைத்திருந்தாலும் வாங்கியிருக்க முடியாது. அந்த ரைபிள் விலைக்கு அன்றைக்கு எங்கள் பக்கம் நிலமே வாங்கலாம்.

மேக்னம் என்றால் யாரோ ஒரு வெள்ளைக்காரர் பெயர் என்று நான் நினைத்திருந்தேன். லத்தீனில் 'பெரியது' என்று பொருளாம். ஒன்றரை லிட்டர் பிடிக்கும் பெரிய ஒயின் பாட்டிலுக்கு அந்தப் பெயர் இருந்தது. வழக்கத்தைவிட அதிக மருந்து பிடிக்கும் தோட்டாவுக்கும் அந்தப் பெயரையே வைத்துவிட்டார்கள். அப்பா கோடு போட்ட .375, லண்டனில் ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் கம்பெனி 1912-ல் கொண்டுவந்தது. தோட்டாவின் அடிப்பக்கத்தில் ஒட்டியாணம் மாதிரி ஒரு பித்தளை வளையம் இருக்கும். குண்டின் எடை கிட்டத்தட்ட இரண்டரை பவுன். காட்டெருமைக்கும் யானைக்கும் உரிய தோட்டா அது. நம்ம வெளிமானின் மொத்த எடை முப்பது, நாற்பது கிலோ!

ஆனால், 'தோட்டா சின்னதாப் போச்சு' என்பது எங்கள் வீட்டில் பழமொழியாகிவிட்டது. நான் பத்தாம் வகுப்பில் கணக்கில் கோட்டைவிட்டேன். "ஏன், தோட்டா சின்னதாப் போச்சா?" என்றாள் அம்மா. மோட்டார் ஓடித் தண்ணீர் வராவிட்டால், பொங்கல் பானை பொங்காவிட்டால், தம்பிக்குப் பார்த்த பெண் அமையாவிட்டால், எல்லாவற்றுக்கும் அதேதான். அப்பாவும் சேர்ந்து சிரிப்பார். மான்கறியை மட்டும் அதற்குப் பிறகு அவர் வாயில் வைத்ததே இல்லை.

என் மகனும் அந்தப் பழமொழியைக் கேட்டுத்தான் வளர்ந்தான். கதையின் முதல் பாதி அவனுக்குத் தெரியும். இரண்டாம் பாதியை நான் யாரிடமும் சொன்னதில்லை.

தோளும் கண்ணும்

கடைக்குப் போவதற்கு முதல் நாள், சுட்டுப் பழகும் மைதானத்துக்குப் போயிருந்தோம். பண்ணைக்காரப் பெரியவரும் வந்திருந்தார். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். அதிகம் பேசாதவர். இரண்டு ரைபிள்களைக் கொண்டுவந்திருந்தார். ஒன்று .308. இன்னொன்று .300 மேக்னம். எது வேண்டுமோ எடுத்துக்கொள், தோட்டாவை மட்டும் நீ வாங்கிக்கொள் என்று மகனிடம் சொல்லிவிட்டார்.

இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று எனக்கும் விளக்கினார். கேட்க ஆச்சரியமாக இருந்தது. இரண்டிலும் குண்டின் விட்டம் ஒன்றேதான். வித்தியாசமெல்லாம் குண்டுக்குப் பின்னால் இருக்கும் மருந்தில். .308-ல் வழக்கமாகப் போடும் 150 கிரெய்ன் குண்டு, நம்ம கணக்கில் ஒன்றேகால் பவுனுக்குக் கொஞ்சம் குறைவு. நொடிக்குச் சுமார் 860 மீட்டர் வேகத்தில் போகும். மேக்னத்தில் 180 கிரெய்ன், ஒன்றரை பவுனுக்குச் சற்றுக் குறைவு. அந்தக் கனமான குண்டையும் நொடிக்கு 900 மீட்டர் வேகத்தில் தள்ளும். அதற்கு ஒன்றரை மடங்கு மருந்து வேண்டும். அதே அளவுக்குத் தோளில் உதையும் விழும்.

மகனுக்கு மேக்னம்மேல்தான் கண். எடுத்துச் சுட்டான். இடி இடித்த மாதிரி இருந்தது. காதில் மாட்டியிருந்த மூடியையும் தாண்டி நெஞ்சில் அறைந்தது. முதல் குண்டு நடுவட்டத்துக்குப் பக்கத்தில் பட்டது. இரண்டாவது கீழே இடது பக்கம். மூன்றாவது காகிதத்திலேயே இல்லை.

பெரியவர் எதுவும் சொல்லாமல் ரைபிளை வாங்கினார். திரும்பி நின்று தோட்டா போட்டுக் கொடுத்தார். மகன் குறிபார்த்து விசையை அழுத்தினான். 'டிக்' என்று மட்டும் சத்தம். உள்ளே அவர் போட்டிருந்தது மருந்தில்லாத போலித் தோட்டா. வெடிக்கவே இல்லை. ஆனாலும், துப்பாக்கியின் முனை ஒரு சாண் கீழே குனிந்தது. மகனின் கண் இறுக மூடியிருந்தது.

உதை வரப்போகிறது என்று உடம்பு முன்கூட்டியே பயந்து, விசையை அழுத்தும் அந்த நொடியில் துப்பாக்கியை ஆட்டிவிடுகிறது. நாம் பயப்படவில்லை என்று நினைப்போம். தோளுக்குத் தெரியும்.

பிறகு .308-ஐச் சுட்டான். மூன்று குண்டும் ஒரு டம்ளர் வாயளவு வட்டத்துக்குள் விழுந்தன.

மானின் நெஞ்சில் இதயமும் நுரையீரலும் இருக்கும் இடம் ஒரு டிபன் தட்டு அகலம்தான் இருக்கும். குண்டு அதற்குள் விழுந்தால் மான் சில நொடியில் போய்விடும். வெளியே விழுந்தால், எவ்வளவு பெரிய தோட்டாவாக இருந்தாலும், 1966-ல் நான் பார்த்ததுதான் நடக்கும். மான் வேட்டைக்கு முனையில் ஈயம் தெரியும் மென்முனைக் குண்டாக எடுக்க வேண்டும். அது உள்ளே போனதும் விரிந்து தன் வேலையைச் செய்யும். முழுக்கச் செம்பு போர்த்திய குண்டு துளைத்துக்கொண்டு மறுபக்கம் போய்விடும். ஆக, தோட்டாவின் அளவு என்பது கேட்க வேண்டிய கேள்விகளில் ஒன்றுதான். எந்த மிருகம், எவ்வளவு தூரம், என்ன மாதிரிக் குண்டு, அதன் உதையைத் தாங்கி ஆடாமல் சுட உன்னால் முடியுமா? இந்த நாலுக்கும் பதில் சொன்னால் தோட்டா தானாகவே அமைந்துவிடும்.

மேக்னம் வேண்டாத பொருள் என்று சொல்ல மாட்டேன். எல்க் என்ற பெரிய மானை மலைக்கு மலை தூரத்தில் சுடுகிறவர்களுக்கு அது தேவைப்படுகிறது. 80 கிலோ புள்ளிமானை நூறு கெஜத்தில் சுட அது எதற்கு? முன்னூறு கெஜத்தில்கூட, இந்த இரண்டு குண்டும் கீழே இறங்குவதில் உள்ள வித்தியாசம் ஒரு சாண் வராது. அப்பா விழுந்து விழுந்து படித்த ஜிம் கார்பெட்டுக்கு, சம்பாவத் புலியைக் கொன்றதற்காக 1907-ல் பரிசாகக் கிடைத்தது .275 ரிக்பி. அது மேக்னம் இல்லை.

இவ்வளவு பார்த்த பிறகும், மறுநாள் கடையில் மகன் இரண்டு பெட்டியையும் வைத்துக்கொண்டு நிற்கிறான்!

"பழகினா உதை சரியாயிடும்ப்பா. கொஞ்சம் அப்படி இப்படிப் பட்டாலும் பெரிய தோட்டான்னா மான் துடிக்காது. நின்ன எடத்துலயே விழுந்துரும்."

நின்ன எடத்துலயே விழுந்துரும். 53 வருஷத்துக்கு அப்புறம், பட்டுக்கோட்டையிலிருந்து பதினாயிரம் மைலுக்கு அந்தப்பக்கம், அதே வார்த்தை. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

"பெட்டிய வச்சிட்டு வெளிய வா தம்பி. ஒண்ணு சொல்லணும்" என்றேன்.

இரண்டாம் பாதி

கார் நிறுத்துமிடத்தில் வைத்துத்தான் சொன்னேன்.

அப்பா 2003-ல் படுத்த படுக்கையானார். ஒரு ராத்திரி நான் மட்டும் பக்கத்தில் இருந்தேன். மின்சாரம் இல்லை. விசிறிக்கொண்டிருந்தேன். திடீரென்று கேட்டார், "கோடியக்கரைக்கு நீயும் வந்தியே, ஞாபகம் இருக்கா?"

"இருக்குப்பா."

"அன்னைக்குப் பெரியவரு எங்கிட்ட என்ன சொன்னாருன்னு தெரியுமா? 'இன்னும் கிட்டப் போவணுங்க. குனிஞ்சு போனா ஒரு மணி நேரத்துல போயிரலாம். இல்லன்னா இன்னைக்கு விட்டுரலாங்க'ன்னாரு. ஜீப்புல இருந்தவனுக எல்லாம் பாத்துக்கிட்டு இருந்தானுக. சுடாம திரும்புனா சிரிப்பானுகளேன்னு சுட்டுட்டேன்."

கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார்.

"தோட்டா ஒண்ணும் சின்னதில்லடா. தூரந்தான் தப்பு. எனக்குப் பொறுமை இல்ல. அதை ஒத்துக்க மாட்டாம முப்பத்தேழு வருசம் தோட்டா மேல பழியப் போட்டுட்டேன். அந்த மனுசனையும் திட்டுனேன். மன்னிப்புக் கேக்கலாம்னு நெனக்கிறதுக்குள்ள அவரு போய்ச் சேந்துட்டாரு."

அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவர் அதைப் பேசவில்லை. பதினைந்து நாளில் அவரும் போய்விட்டார். காரியம் முடிந்ததும், துப்பாக்கியை லைசென்ஸோடு சேர்த்து முறைப்படி ஒப்படைத்துவிட்டேன். விலைப்பட்டியல் மட்டும் இன்னும் பீரோவில் இருக்கிறது, சிவப்புக் கோட்டோடு.

மகன் காரில் சாய்ந்துகொண்டு கேட்டான். ரொம்ப நேரம் எதுவும் சொல்லவில்லை. பிறகு கடைக்குள் போனான். திரும்பி வரும்போது கையில் ஒரு பெட்டிதான் இருந்தது. .308.

பரணில் இரண்டு வேளை

பண்ணையில் மரக்கட்டையால் செய்த சின்னக் கூண்டு ஒன்று இருந்தது. நம்ம ஊர்ப் பரண்தான். மூன்று பக்கமும் சன்னல். நானும் மகனும் உள்ளே உட்கார்ந்தோம். எனக்குத் துப்பாக்கியைத் தொடும் வேலை இல்லை. பார்க்கும் வேலை மட்டும்.

முதல் நாள் மாலை. வெளிச்சம் மங்கும் நேரத்தில் தூரத்து ஓடைக்கரையில் ஒரு கிடா வந்து நின்றது. நல்ல கொம்பு. தூரம் பார்க்கும் கருவியில் மகன் பார்த்தான். 250 கெஜத்துக்கு மேல். ரைபிளைத் தூக்கினான். கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தான். என் இதயம் அடிப்பது எனக்கே கேட்டது. ஜீப்பும் சேறும் கண் முன்னால் வந்தன.

அவன் ரைபிளை இறக்கினான். "தூரம்ப்பா" என்றான்.

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இருட்டில் அவன் கவனிக்கவில்லை.

மறுநாள் விடியலில், கூட்டமாக வந்தன. ஒரு கிடா மற்றவற்றை விட்டு விலகி, எழுபது கெஜத்தில் பக்கவாட்டில் நின்றது. பின்னால் மண்மேடு. இந்த முறை அவன் சுட்டான்.

நின்ற இடத்திலேயே விழவில்லை. முப்பது, நாற்பது அடி ஓடித்தான் விழுந்தது. நெஞ்சில் சரியாகப் பட்ட மானும் அப்படிக் கொஞ்சம் ஓடும் என்று பெரியவர் முன்பே சொல்லியிருந்தார். இறங்கிப் போகாமல் அரை மணி நேரம் காத்திருக்கச் சொல்லியிருந்தார். அந்த அரை மணி நேரமும் மகனின் கை நடுங்கிக்கொண்டே இருந்தது.

போய்ப் பார்த்தோம். ஒரே குண்டு, சரியான இடத்தில். நான் குனிந்து அதன் முதுகில் கைவைத்தேன். இன்னும் சூடு ஆறவில்லை. செம்பழுப்புத் தோலில் வெள்ளைப் புள்ளிகள். நம்ம காட்டில் மேய வேண்டியது. யாரோ கொண்டுவந்து விட்டதால் இங்கே தொல்லையாகிப்போனது. அது என்ன தப்புச் செய்தது? மகன் போட்டோ எடுத்துக்கொள்ளவில்லை. "சாரிப்பா" என்று என்னிடம் சொன்னானா, மானிடம் சொன்னானா என்று நான் கேட்கவில்லை.

'மானைக் கொன்றதை ஒரு கதையாக எழுத வேண்டுமா?' என்று உங்களில் சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. சந்தோஷப்பட்டு நான் இதை எழுதவில்லை. ஆனால், கொல்வது என்று முடிவான பிறகு, அது வலியில்லாமல் முடிய வேண்டும் என்ற பொறுப்பு சுடுகிறவனுக்குத்தான் இருக்கிறது. அந்தப் பொறுப்பைத் தோட்டாக் கம்பெனியிடம் கொடுத்துவிட முடியாது. அதைத் தெரிந்துகொள்ள எங்கள் குடும்பத்துக்கு ஒரு மானின் உயிரும் 53 வருஷமும் ஆகியிருக்கின்றன.

என் மனைவி திட்டிக்கொண்டேதான் சமைத்தாள். சின்ன வெங்காயமும் மிளகும் போட்டு வறுத்தாள். அப்பா தொடாததை நான் தொடுவதா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். பிறகு சாப்பிட்டேன். உயிரை எடுத்த பிறகு வீணாக்குவது இன்னொரு பாவம் என்று தோன்றியது.

கடைசியாக ஒரு போன்

ஊருக்குத் திரும்பி வந்து தென்னங்கன்று வைத்தோம். இப்போது காய்க்கத் தொடங்கிவிட்டது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் மகன் விடுமுறைக்கு வந்தபோது அவனைக் கோடியக்கரைக்கு அழைத்துப் போனேன். கஜாவில் அங்கேயும் நிறைய மான்கள் செத்துப்போயின. மிச்சம் இருந்தவை மேய்ந்துகொண்டிருந்தன. புல்வெளி ஓரத்தில் நின்று, எங்கே ஜீப் நின்றது, எங்கே கிடா நின்றது என்று காட்டினேன். "இவ்வளவு தூரமா!" என்றான். வேறு எதுவும் பேசவில்லை.

அவன் இப்போதும் வருஷத்துக்கு இரண்டு தடவை அந்தப் பண்ணைக்குப் போகிறான். பல தடவை சும்மா உட்கார்ந்துவிட்டுத்தான் வருகிறான். போன மாதம் அங்கிருந்து போன் பண்ணினான்.

"போயிருந்தேன்ப்பா. நல்ல கிடா ஒண்ணு வந்துச்சு. சுடாம வந்துட்டேன்."

"ஏன், தோட்டா சின்னதாப் போச்சா?" என்றேன்.

"இல்லப்பா" என்று சிரித்தான். "தூரம் பெருசாப் போச்சு."